‘ஏதோ எரர் வந்துச்சுண்ணா’: தோல் மண்டலத்து லினக்ஸ் நிறுவலியல்

1. ஆய்வுக் களம்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்நிலப்பரப்பு தோலுக்கும் பிரியாணிக்கும் பெயர் பெற்றது. மென்பொருள் நிறுவலில் இங்கு சிந்தப்படும் வியர்வையை இதுவரை எந்த அறிஞரும் பொருட்படுத்தவில்லை. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், இந்த ஓர் ஆய்வை மூன்று ஆட்சியர்களுக்குச் சமர்ப்பிக்க வேண்டிய இடரும் ஆய்வாளருக்கு உண்டு.

லினக்ஸ் இங்கு வீடுவரை வந்ததில் அரசுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் ஒரே பெட்டியில் குடிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது அது. அதைத் திறந்தவர்கள் இருவகையினர்: ஆர்வத்தால் திறந்தவர்கள், தொடக்கத் திரையில் அம்புக்குறி தவறித் திறந்தவர்கள். இரண்டாம் வகையினரே இத்துறையின் முன்னோடிகள்.

2. கருதுகோள்

எங்கே கோளாறு என்பதைக் கணினி சொல்லிவிடுகிறது. கேட்கத்தான் ஆளில்லை.

3. பருவங்கள்

அ) எக்ஸி பருவம். விண்டோஸுக்கான எக்ஸி கோப்பை இறக்கி, அதை லினக்ஸில் இருமுறை சொடுக்குதல். ஒன்றும் நடக்காது. உடனே நான்கு முறை சொடுக்குதல்.

ஆ) மௌனப் பருவம். முனையத்தில் கடவுச்சொல் கேட்கும்போது, தட்டும் எழுத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு புள்ளிகூடத் தெரியாது. தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கு எழுத்தின் எண்ணிக்கையும் தெரியக்கூடாது என்பதற்கான பழைய ஏற்பாடு அது. தொடக்கநிலையினர் கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவர். சில பிஸ்கட் துகள்கள் கிடைக்கும்.

இ) அனுமதிப் பருவம். இதற்கு வேலூர்க் கோட்டையிலேயே முன்னுதாரணம் உண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இன்றித் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தது. அத்துறைக்கு உடன்பாடில்லாத நிலையிலும், 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து நிறுவப்பட்டது. அதற்கு ஊரே திரண்டது. லினக்ஸில் நிர்வாகியின் அனுமதியோடு நிறுவ ‘சூடோ’ என்ற ஒரு சொல் போதும். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அது எழுதப்பட்டது என்பதைத் தோல் வியாபாரிகள் கவனிக்க. ஆனால் டெபியனை நிறுவும்போது ரூட் என்னும் தலைமை நிர்வாகிக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்துவிட்டால், முதல் பயனருக்கு அந்தச் சூடோ அதிகாரம் தானாக வராது. பழைய பதிப்புகளில் ‘இச்சம்பவம் புகார் செய்யப்படும்’ என்று திரை மிரட்டும். புகாரைப் பெறும் அதிகாரி அதே வீட்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஈ) பூட்டுப் பருவம். உபுண்டு லினக்ஸ் பின்னணியில் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கும். அது முடியும்வரை வேறு நிறுவலுக்குப் பூட்டு. காத்திருப்பதே மருந்து. யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டுப் பூட்டுக் கோப்பை அழிப்பதே வழக்கம். சாதாரணப் பத்து நிமிடக் காத்திருப்பு இவ்வாறுதான் ஞாயிற்றுக்கிழமையாக வளர்கிறது.

உ) மின்வெட்டுப் பருவம். 2012-ல் தமிழகம் முழுக்க நிலவியது. மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, மோடத்துக்கு இல்லை. மேசைக் கணினிக்கும் இல்லை. பாதி நிறுவலில் கரண்ட் போனால், அடுத்த முறை ‘நிறுவல் கருவி டிபிகேஜி இடையில் நின்றுபோனது, இந்தக் கட்டளையை இயக்கு’ என்று மருந்துச் சீட்டையே திரை நீட்டும். சீட்டை மூடிவிட்டு நோயாளி மருத்துவரைத் தேடிக் கிளம்புவார்.

4. கள உரையாடல்

சர்வீஸ் கடைகளில் வழங்கும் வாய்மொழி மரபு எங்கும் ஒரே பாடமாகவே கிடைக்கிறது:

“என்னப்பா எரர் வந்துச்சு?”

“ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சுண்ணா.”

“என்ன போட்டிருந்துச்சு?”

“குளோஸ் பண்ணிட்டேண்ணா.”

பாடபேதம்: “போட்டோ எடுத்து வச்சிருக்கேண்ணா.” படத்தில் கடைசி வரி மட்டும் இருக்கும். ‘டிபிகேஜி பிழைக் குறியீடு 1 தந்தது’ என்னும் அவ்வரிக்கு, ஏதோ சரியில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. எது சரியில்லை என்பது இருபது வரி மேலே இருக்கிறது.

5. தோலியல் அணுகுமுறை

இந்த இருபது வரியில்தான் ஆய்வாளர் தம் மண்ணின் அறிவைக் கண்டடைந்தார். தோல் ஷாப்பில் சாயம் ஏறிய தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால், அனுபவசாலி சாயக்காரரிடம் மட்டும் சண்டைக்குப் போவதில்லை. பதனிட்டது எப்படி, சுண்ணாம்பு சீராக ஏறியதா, ஊறவைத்தது போதுமா என்று பின்னோக்கி நடக்கிறார். கறை தெரிவது கடைசியில். கறை பிறந்தது எந்தத் தொட்டியிலும் இருக்கலாம். பகல் முழுக்க இப்படித் தோலைப் படிக்கும் அப்பாவின் பிள்ளை, இரவில் பிழைச்செய்தியைக் கடைசி வரியோடு மூடிவிடுகிறான். இது தலைமுறை இடைவெளியின் கொடுமையான வடிவம்.

எனவே முறை எளிது. திரையில் மேலே போ. ‘பிழை’ என்று முதலில் வரும் வரியை நிறுத்திப் படி. ‘பொதி கிடைக்கவில்லை’ என்றிருந்தால், பெயரை எழுத்துப் பிசகின்றி அடித்தாயா, பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளையை முன்னதாக இயக்கினாயா என்று பார். ஊறவைக்காமல் சாயம் ஏற்ற முயன்றவரை இந்த ஊர் எந்தப் பெயர் சொல்லி அழைக்கும் என்பதை அச்சில் ஏற்ற இயலாது.

6. முடிவுகள்

முதலாவது: சரியாகிவிட்ட பிழை எதனால் சரியானது என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை; ஆகவே அது அடுத்த மாதம் புதுப்பிழையாகவே வரவேற்கப்படுகிறது. இரண்டாவது: ‘விண்டோஸே போட்ருங்கண்ணா’ என்பது தீர்வல்ல, சரணாகதி.

மூன்றாவது கண்டுபிடிப்பே முதன்மையானது. ஆப்ட் கருவியின் உதவிப் பக்கம், தனக்கு மாபெரும் பசுச் சக்திகள் உண்டு என்ற அறிவிப்போடு முடிகிறது. ‘ஆப்ட் மூ’ என்று கட்டளையிட்டால் எழுத்துகளாலான ஒரு மாடு திரையில் தோன்றி, இன்று கத்தியாயிற்றா என்று விசாரிக்கும். தோல் மண்டலத்தில் மூன்று மணி நேரமாக அச்சுப்பொறி மென்பொருளை நிறுவிக்கொண்டிருப்பவரிடம் இக்கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. தெருவுக்கே பதில் தெரியும்.