டாப் எண்ட் வாங்குவது எப்படி?

எந்த வண்டி என்பது பெரிய கேள்வியே அல்ல. வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை ஒன்று இருந்தால், அது யூடியூப் பார்த்து ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். கொஞ்சம் உயரமாக, முன்பக்கம் சப்பையாக இருக்கிற எதையும் நம் ஊரில் ஜீப் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் பெரியவர்களுக்கும் ஆட்சேபம் இருக்காது. சிக்கல் அடுத்த கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது: எந்த வேரியன்ட்? வீட்டைக் கட்டி முடித்துவிட்டு டைல்ஸ் கடைக்குள் நுழைவது மாதிரி இது. அரை மணி நேர வேலை என்றுதான் எல்லாரும் கிளம்புகிறார்கள்.

நான் பேஸ் மாடல் கேட்கப் போய் டாப் எண்டுடன் திரும்பியவன். ஆகவே இந்த விஷயத்தில் வழிகாட்டும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு.

விலைப்பட்டியலைக் கையில் கொடுத்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். படித்தால் உண்மை தெரிந்துவிடும். மஹிந்திராவின் தார் ராக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் அது வந்தபோது எம்எக்ஸ்1, எம்எக்ஸ்3, எம்எக்ஸ்5, ஏஎக்ஸ்3எல், ஏஎக்ஸ்5எல், ஏஎக்ஸ்7எல் என்று ஆறு வகை. கண் டாக்டர் அறையில் தொங்கும் பலகையை வாசித்த மாதிரி இருக்கும். 12.99 லட்சம் என்ற ஆரம்ப விலை எல்லா இடத்திலும் பெரிய எழுத்தில் வந்தது. அந்த விலைக்கு வண்டி கிடைத்தது. ஃபோர் பை ஃபோர் கிடையாது. பின்சக்கரம் இரண்டும்தான் தள்ளும். நான்கு சக்கரமும் வேலை செய்ய வேண்டுமானால் டீசல்தான் வாங்க வேண்டும், அதிலும் எம்எக்ஸ்5, ஏஎக்ஸ்5எல், ஏஎக்ஸ்7எல் என்ற மூன்று படிகளில்தான். பெட்ரோலில் எந்தப் படியிலும் இல்லை. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டோமே என்று யாரும் கலங்க வேண்டாம். ஃபோர் பை ஃபோர் என்று எழுதிய ஸ்டிக்கர் ஆக்சசரீஸ் கடையில் சல்லிசாகக் கிடைக்கும்.

குழப்பமே வேண்டாம் என்பவர்களுக்கும் வண்டி இருக்கிறது. 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னியில் இரண்டே வகை, ஸீட்டா, ஆல்ஃபா. இரண்டிலும் ஃபோர் பை ஃபோர், இரண்டிலும் லோ கியர், இரண்டிலும் ஆறு ஏர்பேக். அதிகப் பணம் கொடுத்தால் அலாய் வீல், பெரிய திரை, எல்.இ.டி. விளக்கு, அதைக் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய். மலையேறும் திறமையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. இவ்வளவு நேர்மையான பட்டியலை நான் பார்த்ததில்லை. ஆனால் நான்கு பேருக்குத்தான் இடம், பின்னால் சாமான் வைக்க 208 லிட்டர். எல்லாவற்றையும்விட, இரண்டு வகையிலும் சன்ரூஃப் கிடையாது. குர்கானில் தயாராகும் இதே வண்டியை 2025 ஜனவரியில் ஜப்பானில் நோமேட் என்ற பெயரில் அறிவித்தபோது, நாலே நாளில் சுமார் ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்து, புக்கிங்கை நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. இங்கே அப்படி நெரிசல் எதுவும் இல்லை. வானத்தைப் பார்க்க ஜப்பான்காரன் வண்டியை விட்டு இறங்கிவிடுவான் போல.

ஃபோர்ஸ் குர்க்கா இன்னும் ஒரு படி மேல். ஐந்து கதவில் ஒரே வகைதான். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், மூக்குக் குழாய் மாதிரி ஸ்நார்கல், எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வரும். வாங்குகிறீர்களா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. குடும்பத்தோடு விவாதிக்க ஒன்றுமே இல்லாத வண்டியை எந்தக் குடும்பம் வாங்கும்?

இனி ஷோரூம். ஞாயிற்றுக்கிழமை காலை, குடும்பத்தோடு போங்கள். தனியாகப் போனால் பேஸ் மாடல் வாங்கிவிடும் அபாயம் இருக்கிறது. அங்கே வரும் தம்பி லட்சத்தில் பேசமாட்டார், மாதத்தில் பேசுவார். "நாற்பதாயிரம்தான் சார் வித்தியாசம். இ.எம்.ஐ.ல மாசம் எண்ணூறு கூடும். ஒரு பிரியாணிக் காசு." அடுத்த படிக்கு இன்னொரு பிரியாணி. நான்கு படி ஏறி முடித்தபோது ஒரு கல்யாணப் பந்தியே போட்டிருக்கலாம்.

இந்தப் படிகளைக் கட்டியவர் யாராக இருந்தாலும் மனித மனம் அறிந்தவர். ஒவ்வொரு படியிலும் அவசியமான ஒன்றும் அநாவசியமான மூன்றும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். சர்க்கரை வேண்டுமென்றால் உப்பு பாக்கெட்டும் வாங்கு என்கிற ரேஷன் கடைச் சூட்சுமம். பின் கண்ணாடிக்கு வைப்பர் வேண்டும் என்று கேட்டால், அது இருக்கிற வேரியன்ட்டில் ஏழு நிறத்தில் எரியும் உள்விளக்கும் சேர்ந்து வரும். ரிவர்ஸ் கேமரா கேட்டால், குளிரூட்டப்பட்ட க்ளவ் பாக்ஸ். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இருக்கைக்குள்ளிருந்து காற்று வரும் வசதியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். மே மாதம் கோவில்பட்டி தாண்டும்போது சட்டை முதுகோடு ஒட்டாமல் இருப்பது என்ன சுகம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

படி ஏறும்போது அரசாங்கமும் கூடவே ஏறி வரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய ஆயுட்கால வரிப்படி புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி தாண்டிய தொகைக்கு மட்டும்தானே கூடுதல் என்று நினைக்காதீர்கள். முழு விலைக்கும் அந்த விகிதம். 19.90 லட்சத்து வண்டிக்கு வரி 3,58,200 ரூபாய். ஒரு இருபதாயிரம்தானே என்று 20.10 லட்சத்து வண்டிக்குத் தாவினால் வரி 4,02,000. இருபதாயிரத்துக்கு ஏறிய படி, நாற்பத்து மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் வரியைக் கையோடு கூட்டி வந்திருக்கிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் மூலத்தில் பிடிக்கும் ஒரு சதவீத வருமான வரி வேறு. அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் ஷோரூமில் கணக்குப் போடாதீர்கள். பேனாவை அந்தத் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்போது, பாதை இல்லாத இடத்தில் வண்டி ஓட என்ன வேண்டும் என்று பார்ப்போம். பட்டியலில் இது எங்கோ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

அலுவலகத்தில் வேலை செய்கிறவன் தலையில்தான் மேலும் வேலை வந்து விழும். டிஃபரன்ஷியலில் நேர்மாறு. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கி அந்தரத்தில் சும்மா சுற்றினால், எஞ்சினின் சுழற்சியெல்லாம் அந்தச் சும்மா இருக்கும் சக்கரத்துக்கே போய்விடும். தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரம் அசையாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடுவதுதான் லாக். அது இருக்கிறதா, எந்த வேரியன்ட்டிலிருந்து இருக்கிறது என்று நான் கேட்டபோது, அந்தத் தம்பி பதற்றமில்லாமல் சொன்னார்: "நாலு டோர்லயும் ஆட்டோ லாக் சார்."

டயர் அடுத்தது. வேரியன்ட் ஏற ஏற ரிம் பெரிதாகும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் மெலியும். ராக்ஸில் கீழ்ப்படிக்கு 18 அங்குலம், மேல்படிக்கு 19. பார்க்கப் பெரிய ரிம்தான் அழகு. ஆனால் மணலில் இறங்குகிறவர்கள் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்கள். ரப்பர் சப்பையாகப் பரவி, ஒட்டகத்தின் பாதம் போல மணல்மேல் மிதக்கும். அதற்குப் பக்கவாட்டு ரப்பர் உயரமாக இருக்க வேண்டும். இரும்பு ரிம் கல்லில் மோதினால் நெளியும், சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விடும். ஆகக் கரடுமுரடான பாதைக்குப் பொருத்தமான சக்கரம், கரடுமுரடான பாதைக்குப் போகவே முடியாத பேஸ் மாடலில் இருக்கிறது. இதில் என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். பணம் அதிகமாகக் கொடுத்தவர் கல்லில் ஏற்றமாட்டார் என்று கம்பெனிக்குத் தெரியும்.

கல்லில் ஏற்றுகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் கொழுக்குமலைக்குப் போங்கள். இடம் தேனி மாவட்டம், வழி மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி. உங்கள் இருபது லட்சத்து வண்டியைக் கீழே ஓரங்கட்டிவிட்டு, இருட்டோடு இருட்டாக அந்த ஊர்க்காரர் ஓட்டும் பழைய மஹிந்திரா ஜீப்பில் ஏறிக்கொள்வீர்கள். அதில் திரை இல்லை, கேமரா இல்லை, சில சமயம் கதவும் இல்லை. ஆனால் குட்டி கியர், அதாவது அந்த லோ கியர், இருக்கிறது. ஓட்டுகிறவர் ஒரு கையால் பீடியைக் காதில் செருகிக்கொண்டே அதைப் போட்டு, படிக்கட்டு போன்ற பாறையில் ஏற்றிவிடுவார். அது எந்த வேரியன்ட் என்று கேட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மற்றபடி பாதை இல்லாத இடங்கள் நம்மிடம் குறைந்துகொண்டே வருகின்றன. தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் மணலிலும் தண்ணீரிலும் தத்தளித்துப் போகும் வேன்களில்தான் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு. ஆல்டோவில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஆனாலும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வருஷத்தில் ஒரு நாள் நிஜமான ஆஃப் ரோடு உண்டு. குலதெய்வம் கோயில். தார் ரோடு முடிந்து, கருவேல முள் தொடங்கி, கண்மாய்க் கரையில் சரிந்து இறங்கும் அந்த இரண்டு கிலோமீட்டர். வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த இரண்டு கிலோமீட்டருக்காகத்தான். நான் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். வண்டியின் பெயர் வேண்டாம். தப்பு அதன்மேல் இல்லை.

கடைசியில் ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு வந்து நின்றன. ஒன்று நான்கு சக்கரமும் வேலை செய்யும் நடு வேரியன்ட். மற்றது பின்சக்கரம் மட்டும் தள்ளும் டாப் எண்ட், கூரை முழுக்கக் கண்ணாடி. வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது.

"ஏங்க, இவ்வளவு காசு குடுத்து சன்ரூஃப் இல்லாம எடுத்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

மகள் கூரை வழியாகத் தலையை நீட்டிக் கையசைக்கப் போவதாக அறிவித்தாள். அது ஆபத்து, போலீஸ் அபராதம் போடும் என்றேன். அப்படியானால் உட்கார்ந்தபடியே நிலாவைப் பார்ப்பாளாம். மாமனார் மைலேஜ் கேட்டார். மச்சான், பின்னால் விற்கும்போது டாப் எண்டுக்குத்தான் மரியாதை என்றான். அம்மா மட்டும் எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்: "ஏலே, ஏறுததுக்குப் படி இருக்கா?"

அந்தக் கேள்விதான் இந்த வழிகாட்டியிலேயே உருப்படியானது. உயரமான வண்டியில் முழங்கால் வலிக்காரர் ஏற முடியாது. பக்கவாட்டில் படி வைத்தால் அது கல்லில் இடிக்கும் என்று காட்டுக்குப் போகிறவர்கள் கழற்றிப்போடுவார்கள். குடும்பமும் ஆஃப் ரோடும் ஒரே வண்டியில் போக நினைத்தால் சண்டை வரும் இடம் இதுதான். பட்டியலில் அந்தப் படி எந்த வேரியன்ட்டிலும் இல்லை. ஆக்சசரீஸ் என்று தனிக் காசு. போட்டுக்கொண்டோம். கண்ணாடிக் கூரையையும் வாங்கிக்கொண்டோம்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பினோம். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல்; சிவப்பாக, மாவு மாதிரி இருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ பொங்கல் பானையோடு போய்விட்டது. அந்தத் தைரியத்தில் நானும் விட்டேன். நூறு அடியில் வண்டி நின்றது. மிதித்தேன், பின்சக்கரம் இரண்டும் தங்களுக்குக் குழி தோண்டிக்கொண்டன. திரையில் நான்கு பக்கக் கேமராவும் நாங்கள் புதைந்திருப்பதை மேலிருந்து பார்ப்பது போலத் தெளிவாகக் காட்டியது. பாதை விலகுவதாக ஒரு எச்சரிக்கை மணி அடித்தது. எந்தப் பாதை என்று சொல்லவில்லை. இழுப்பதற்கான கொக்கி டிக்கியின் அடியில், அதன்மேல் அரிசி மூட்டை, அண்டா, விறகு, மகளின் ஸ்கேட்டிங் ஷூ. ஏசியை நிறுத்தாமல் எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேல் வானம் மட்டும் அப்பழுக்கில்லாமல் தெரிந்தது.

அரை மணி கழித்து டிராக்டருடன் ஒரு பையன் வந்தான். கயிற்றைக் கட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது ஃபோர் வீலு இல்லயா?"

"டாப் எண்ட் தம்பி" என்றேன்.

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மணலில் பாரம் குறைய எல்லாரும் இறங்கிக்கொள்ள வேண்டும், பெரியவங்க வேண்டுமானால் டிராக்டரில் ஏறிக் கோயிலுக்குப் போகட்டும் என்றான்.

அம்மா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, அதுல ஏறுததுக்குப் படி இருக்கா?"