தாத்தாக்கள் பிடுங்கிய ஆட்டம்

சியாட்டிலுக்கு மகன் வீட்டுக்கு வந்தால் என் கணவருக்கு முதல் வேலை, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பேப்பரைப் பத்திரப்படுத்துவது. இரண்டாவது வேலை, அதைப் பயன்படுத்த வழி தேடுவது. இந்த முறை கிடைத்த வழி பிக்கிள்பால்.

இங்கிருந்து படகேறினால் பெய்ன்பிரிட்ஜ் தீவு. 1965 கோடையில் அங்கேதான் ஜோயல் பிரிட்சர்ட் என்பவரும் நண்பர்களும், போரடிக்கிறது என்று அனத்திய பிள்ளைகளுக்காக, பழைய பேட்மின்டன் கோர்ட்டில் கிடைத்ததை வைத்து இந்த ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு வந்ததைத் தாத்தாக்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

கோர்ட் 44க்கு 20 அடிதான். இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் பங்குக்குப் பத்தடி அகலம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து மெதுவாகத்தான் வரும். சர்வீஸையும் இடுப்புக்குக் கீழிருந்து போடுவதால் தோள்பட்டை பிழைக்கும். வாக்கிங் என்றால் தெருமுனையிலேயே திரும்பிவிடும் மனிதர், இங்கே வியர்க்க விறுவிறுக்க ஆடுகிறார். இதயத்துக்கு நல்லது, உடம்பின் பேலன்ஸுக்கும் நல்லது. நடுநடுவே பெஞ்சில் உட்கார்ந்து நாலு நாட்டுத் தாத்தாக்களோடு மூட்டுவலி பேசுவது மனசுக்கு ரொம்பவே நல்லது.

வம்பு, பந்து தலைக்கு மேல் போகும்போதுதான். அண்ணாந்து பார்த்தபடியே, கண்டக்டர் விசில் இல்லாத டவுன் பஸ் மாதிரி ரிவர்ஸ் எடுப்பார். அப்படி விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், ஊன்றாவிட்டால் இடுப்பு. இரண்டு முழங்காலும் மாற்றிய ஓர் அமெரிக்கப் பாட்டி தினமும் சொல்கிறார்: "உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஒரு பாயின்ட்தானே!" வேலையில் இருந்தபோது கேஷ் கவுன்டரில் பத்து பைசா குறைந்தாலும் ராத்திரி வீடு திரும்பாத மனிதரிடம் சொல்கிற பேச்சா இது?

வார்ம்-அப்? ஷூ லேஸ் கட்டக் குனிவதையே அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். அந்த ஷூவும் ஓடுவதற்கானது. நேரே போகத்தான் லாயக்கு, பக்கவாட்டில் கால் வைத்தால் கணுக்கால் பிரளும். கோர்ட் ஷூவின் டாலர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, "வேண்டாம்" என்றார். "ஏங்க, இடுப்பு ஆபரேஷனையும் ஒருதரம் பெருக்குங்க" என்றேன். வாங்கிவிட்டார்.

பின்னால் ஓடுவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை, ஒரு விதி அவர் கண்ணில் படும்வரை. நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாமாம். இப்போது நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. தலைக்கு மேல் போவதெல்லாம் அவுட்.