சிறுகதைத் தலைப்பில் நாற்காலியின் பங்கும் பணியும்: ஓர் ஆய்வு

தலைப்பாவது யாதோ எனின், கதைக்கு மேலே கிடப்பது. கீழே கிடப்பன ஆசிரியரின் புகைப்படமும் கைப்பேசி எண்ணும். அவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

'கதையை எழுதிவிட்டுத் தலைப்பு வைப்பதா, தலைப்பை வைத்துக்கொண்டு கதை தேடுவதா?' எனின், இரண்டும் உண்டு. பத்திரிகையிலிருந்து போன் வந்தபின் வைப்பதே பெரும்பான்மை. இதற்கு விதி, கபாடபுரத்தோடு கடலுக்குள் போன 'தலைப்பியம்' என்னும் இலக்கண நூலின் 3ஆம் சூத்திரம். சூத்திரம் கிடைக்கவில்லை. ஆயினும் அதற்கு இரண்டு உரைகள் இருந்தன என்பதும், இரண்டாம் உரைகாரர் முதலாமவரை 'அவர் அறியார்' என்று தள்ளினார் என்பதும் உரைமரபு அறிந்தோர் எளிதில் ஊகிப்பர்.

கருதுகோள்: நல்ல தலைப்பைப் பொருளடக்கப் பக்கத்திலேயே கண்டுகொள்ளலாம், கதையைப் படிக்க வேண்டியதில்லை. இம்முறையியல் என் கண்டுபிடிப்பு அன்று. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளைப் புரட்டியபோது தானாகப் படிந்தது.

இனி, வகைப்பாடு. பெயர்த் தலைப்பு: எஸ்தர், செல்லம்மாள், கோமதி. மூன்றும் பெண்பாற் பெயர்கள் என்று எழுதி முடித்தேன். கி. ராஜநாராயணனின் கோமதி ஆண்பிள்ளை, கோமதி செட்டியார் என்று, கதையைப் படித்த ஒருவர் வந்து ஆட்சேபித்தார். படித்தவர் சாட்சியத்தை ஏற்பதில்லை என்பது துறையின் நீண்டகால வழக்கம்.

வினாத் தலைப்பு: விடியுமா? (தெரியாது.)

உம்மைத் தலைப்பு: கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் (புதுமைப்பித்தன்). கடவுளை முன்னே வைத்தது பக்தி இயக்கத்தின் தாக்கம் என்பது என் முடிவு. மேற்படி படித்தவர், கடவுள் அந்தப் பிள்ளை நடத்திய வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கட்டியவர், சந்தா கட்டியவரை முன்னே வைக்காமல் வேறு யாரை வைப்பது என்கிறார். புதுமைப்பித்தன் பத்திரிகையில் வேலை பார்த்தவர் என்பதால் இதை முழுவதும் தள்ள முடியவில்லை.

புராணத் தலைப்பு: அக்கினிப் பிரவேசம். 1966இல் இக்கதை வந்தபோது தமிழ்நாடே சண்டை போட்டது. கதை நெடுக மழைதான், கடைசியில் தாய் மகள் தலையில் கொட்டுவதும் தண்ணீர்தான், நெருப்பு அவள் சொல்லில் மட்டுமே இருக்கிறது என்று படித்தவர் மறுபடியும் வந்து நின்றார். தலைப்பில் தீ இருக்கிறது. எமக்கு அது போதும். இதன் தொடர்ச்சியாக 'காலங்கள் மாறும்' என்று வாரப் பத்திரிகையில் வந்த தொடர், நூலானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆயிற்று. காலம் மாறுவதற்குள் தலைப்பு மாறிவிட்டது.

இவை நிற்க. ஆய்வின் உயிர்நிலை நாற்காலித் தலைப்பு. கி. ராஜநாராயணன்: 'நாற்காலி'. ஆதவன்: 'ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்'. ஜெயமோகன், 2011: 'நூறு நாற்காலிகள்'. 1, 2, 100. வரைபடத்தாளில் மூன்று புள்ளி வைத்தால் கோடு; கோடு விழுந்தால் கோட்பாடு; கோட்பாடு விழுந்தால் பதவி உயர்வு.

100 நாற்காலிக்குக் கால்கள் 400. நாலடியார் பாடல்கள் 400. நாற்காலியும் நாலடியும் ஒருபொருட் கிளவிகள் என்பது வெளிப்படை. ஆகவே 'நூறு நாற்காலிகள்' நாலடியாரின் உள்ளுறை என்க. அற்றன்று, பாட்டு ஒவ்வொன்றுக்கும் நாலடி ஆகலின் கால்கள் 1600 வேண்டும், 1600 காலுக்கு 400 நாற்காலி வேண்டும், தலைப்போ 100 என்கிறதே எனின், நன்று கடாயினாய். எஞ்சிய 300 நாற்காலிகளும் கடல்கோளில் போயின. இதற்குச் சான்று, தலைப்பியத்தின் முதல் உரையில் கறையான் தின்ற 5ஆம் ஏடு. ஏடு கிடைக்கவில்லை, கறையானும் இல்லை. ஆனால் ஏட்டைப் பார்த்ததாகச் சொன்ன ஒருவரின் மருமகனுக்கு ஒரு புலவர் எழுதிய அஞ்சலட்டையின் ஓரத்தில், ஓட்டைகள் நாற்காலி வடிவில் இருந்தன என்ற குறிப்பு உண்டு. அஞ்சலட்டை மழையில் நனைந்துவிட்டமையால் 'நாற்காலி' என்பதை 'நாற்கவி' என்று படிப்பாரும் உளர். அவர் அறியார்.

இந்த இடத்தில் படித்தவர் பொறுமை இழந்தார். ராஜநாராயணன் கதையில் ஊரில் யார் செத்தாலும் பிணத்தைச் சார்த்தி உட்காரவைக்கக் கதைசொல்லி வீட்டு நாற்காலியைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள், பிறகு வீட்டிலேயே அதில் உட்காரப் பயம் வந்துவிடும் என்றார். ஆதவன் கதையில் ஒரே அறையில் ஒரு தமிழரும் ஒரு வடநாட்டவரும், எவ்வளவு பேசினாலும் ஒட்டாமல் இருப்பார்கள் என்றார். ஜெயமோகன் கதையில் நாயாடிச் சாதியில் பிறந்து ஐ.ஏ.எஸ். ஆன மகனிடம், 'அந்த நாற்காலியில் உட்காராதே, கொன்றுவிடுவார்கள்' என்று பிச்சையெடுத்து வாழ்ந்த தாய் கெஞ்சுவாள், அதைப் படித்தவனுக்குக் கால்களை எண்ணத் தோன்றுமா என்று கேட்டார். குரல் சற்று உயர்ந்திருந்தது. உணர்ச்சி தரவு ஆகாது என்று நெறியாளர் பென்சிலால் குறித்திருக்கிறார்.

பரிந்துரை: 3 முதல் 99 வரையான நாற்காலிகள் காலியாக உள்ளன. இளம் எழுத்தாளர்கள் விரைக. முக்காலி ஏற்கப்படமாட்டாது.

வாய்மொழித் தேர்வுக்குப் படித்தவரும் வந்தார். அறையில் இருந்த நாற்காலிகள் நெறியாளருக்கும் புறத்தேர்வாளருக்கும் துறைத்தலைவருக்கும் சரியாக இருந்தன. அவர் நின்றுகொண்டே ஏதோ கேட்டார். சமோசா வந்துவிட்டதால் கேள்வி பதிவாகவில்லை.