எற்பாட்டுப் பசியும் ஐம்பது நிமிடப் பிழையும்: அந்தமான் நடைப்பயிற்சி குறித்து ஓர் ஆய்வு

உடம்பைக் குறைப்பது பற்றிய ஆய்வுகளுக்கு உலகில் பஞ்சமில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல்கூடச் சொல்லிவிட்டது. நடந்து முடித்தவர் அடுத்து எங்கே போகிறார் என்பதை மட்டும் அறிஞர் பெருமக்கள் ஆராயாமல் விட்டார்கள். அந்த இழுக்கைத் துடைக்க வந்ததே இக்கட்டுரை. களம், போர்ட் பிளேயர் மெரினா பூங்கா நடைபாதையும் அதைச் சார்ந்த டீக்கடையும். 2024இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. வடையின் அளவு மாறவில்லை.

எமது கருதுகோள் இது: அந்தமான் தமிழருக்குத் தொப்பை கரையாததற்குக் காரணம் நாக்கு அல்ல, தீர்க்கரேகை.

சென்னை 80 பாகைக் கிழக்கில் இருக்கிறது. போர்ட் பிளேயர் 92 பாகையையும் தாண்டி. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், சென்னைக்கு முன்பே சுமார் 50 நிமிடம் இங்கே பொழுது விடிந்து, அதே 50 நிமிடம் முன்னதாக அடைந்தும் விடும். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. வயிறு சூரியனைப் பார்த்துப் பசிக்கிறது. வீட்டில் இரவுச் சாப்பாடோ கடிகாரத்தைப் பார்த்து 9 மணிக்கு. இடையில் கிடக்கும் நான்கு மணி நேர இருட்டை வெறும் வயிற்றோடு கடந்தவர் எவரும் எமது ஆய்வில் அகப்படவில்லை. சென்னைக்காரருக்கும் இந்த இடைவெளி உண்டுதான். ஆனால் 50 நிமிடம் குறைவு. ஒரு பிளேட் பஜ்ஜிக்கு 50 நிமிடம் தாராளம் என்பதை ஆய்வாளர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இதைத் தொல்காப்பியர் அன்றே உணர்ந்திருக்கக்கூடும். கருப்பொருள் வரிசையில் தெய்வத்துக்கு அடுத்தபடியாக உணவை வைத்தவர், உடற்பயிற்சியைச் சேர்க்கவே இல்லை. கடல் சார்ந்த நெய்தலுக்கு அவர் கொடுத்த சிறுபொழுது எற்பாடு, சூரியன் சாயும் நேரம், உரிப்பொருள் இரங்கல். மாலை 5 மணிக்கு வாணலியைச் சுற்றி நிற்பவர்களின் முகத்தில் காணப்படுவது சாட்சாத் அந்த இரங்கல்தான்.

இனிக் களச்சான்று. எழுபது கிலோ ஆசாமி அரை மணி நேரம் கைவீசி நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். பருமனான ஒரு உளுந்து வடை அந்தக் கணக்கை நேர் செய்துவிடும். இரண்டாவது வடை மறுநாள் நடைக்கான முன்பணம். சட்டினியை எந்த ஆய்வாளரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாமும் மரபை மீறவில்லை. ஓய்வுபெற்ற நடைக்காரர் ஒருவர் கையாளும் முறை மட்டும் தனிக் கவனம் பெறத்தக்கது. வாழைக்காய் பஜ்ஜியை நான்காக மடித்த ‘தி டெய்லி டெலிகிராம்ஸ்’ தாளுக்குள் வைத்து, இரு உள்ளங்கையாலும் மூச்சைப் பிடித்து அழுத்துகிறார். தாள் கண்ணாடிபோல் ஆகும்வரை விடுவதில்லை. எண்ணெயும் போகிறது, கைக்கும் பயிற்சி என்பது அவர் வாதம். அரசு நாளிதழுக்கு இப்படி ஒரு மருத்துவப் பயன் இருப்பது இதுவரை பதிவாகவில்லை.

“காய்கறி சாலட் சாப்பிடலாமே?” என்பார்கள். காய்கறியில் பெரும்பங்கு சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வர வேண்டும். வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவானால் கேரட் விலை மாடியேறிவிடும். கடலை மாவோ மூட்டையில் நிம்மதியாகத் தூங்கும். புயலில் பாதிக்கப்படாத ஒரே உணவு பஜ்ஜி. இங்கே மழையும் இரண்டு பருவத்திலும் கொட்டும். அப்போது நடைபாதை காலி, டீக்கடைத் தாழ்வாரம் நிறையும்.

நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றையும் சொல்ல வேண்டும். இதே தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன், 2018இல் சுவிட்சர்லாந்தின் ஐகிள் நகரில் நடந்த உலக ஜூனியர் டிராக் சைக்கிள் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். நிக்கோபார்த் தீவுகளில் தென்னை ஏறுவதும் ‘ஹோடி’ப் படகு வலிப்பதும் அன்றாட வேலை, அவற்றை எண்ண அங்கே யாரும் கைக்கடிகாரம் கட்டியதில்லை. தீர்க்கரேகை அவர்களை ஏன் ஒன்றும் செய்யவில்லை என்ற கேள்வி எமது கருதுகோளுக்கு ஊறு செய்வதால், அவர்கள் மாதிரியிலிருந்து நீக்கப்பட்டனர்.

பரிந்துரை ஒன்றே. அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் ‘பாகான் டைம்’ வழக்கம் உண்டு. அதையே இங்கும் கொண்டுவந்தால் இரவுச் சாப்பாடு முந்தும், மாலைப் பசி ஒழியும். பாதிக்கப்படப் போகிறவரின் கருத்தையும் கேட்க வேண்டுமே என்று டீக்கடைக்காரரிடம் விளக்கினோம். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே முழுவதையும் கேட்டார்.

“நல்லதுண்ணே. அப்ப சாப்பாடு முடிஞ்சு தூங்குற வரைக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாக் கிடைக்கும்ல? ராத்திரிக்கு முட்டை தோசை போட்டுரலாம்.”