இல்லாத அவையும் இல்லாத வாக்காளரும்

1947 முதல் 1971 வரை இலங்கையில் இயங்கிய செனட் சபையின் 30 உறுப்பினருள் 15 பேரைப் பிரதிநிதிகள் சபையும் எஞ்சியோரை மகாதேசாதிபதியும் தெரிந்தமையால், மன்னாருக்கென அங்கே ஆசனம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. இக்குறையைச் சற்றே தாமதமாக உணர்ந்த 2017 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இடைக்கால அறிக்கை, புதிய இரண்டாம் அவைக்கு ஒவ்வொரு மாகாண சபையும் ஐவரை மாற்றத்தக்க தனிவாக்கினால், அதாவது வேட்பாளரை விருப்ப வரிசைப்படுத்தும் முறையால், அனுப்பலாம் என்றது. வழமையான கணக்கின்படி, 38 பேர் கொண்ட வட மாகாண சபையில் ஒருவரைத் தெரிவுசெய்ய 7 வாக்குகள் வேண்டும். மன்னார் மாவட்டத்தாரோ ஐவர். எனவே வவுனியாவிடம் இரண்டு வாக்குகள் கடன் கேட்க வேண்டியிருந்திருக்கும். நல்லவேளையாக அந்தச் சங்கடம் நேரவில்லை: அறிக்கை வரைவாகவே நின்றது, வாக்களிக்க வேண்டிய சபையும் 2018 ஒக்டோபரில் காலாவதியானது.