மறதிக்கு ஒரு சட்டம்

கேள்வி: முதுமை மறதிக்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டம் போட்டு என்ன ஆகப் போகிறது?

பதில்: மறதியைச் சட்டத்தால் தடுக்க முடியாது, மறந்தவரை நாம் மறந்துவிடாமல் தடுக்கலாம்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே இந்த நோய்க்கு முன்பு 'சிஹோ' என்று பெயர். புத்தி மழுங்கியவர் என்ற வசவு அதற்குள்ளேயே இருந்தது. டாக்டரிடம் போகக் கூசுகிறவருக்கு முதல் தடையே அந்தப் பெயர்தான். 2004-ல் அரசே அதைத் தூக்கிவிட்டு 'நின்சிஷோ' என்று மாற்றியது. மறு ஆண்டு, இந்த நோய் உள்ளவர்களோடு பழகக் கற்றுத்தரும் ஒன்றரை மணி நேர வகுப்புகள் வந்தன. பேங்க் ஊழியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று யாரும் போகலாம். முடித்தவர் கையில் அப்போது ஓர் ஆரஞ்சு வளையம் போட்டார்கள். கல்லாவில் சில்லறை எண்ணத் திணறும் பாட்டியை விரட்டாமல், "மெதுவா எண்ணுங்க பாட்டி" என்று காத்து நிற்பதுதான் பாடம்.

2023 ஜூனில் அவர்களுடைய நாடாளுமன்றம் இதற்கென்றே அடிப்படைச் சட்டம் நிறைவேற்றியது. அரசு திட்டம் தீட்டும்போது நோய் உள்ளவரையும் குடும்பத்தாரையும் கேட்டாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தாத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "தாத்தா சாப்பிட்டாரா?" என்று மருமகளிடம் விசாரிக்கிறோமே, அதற்கு நேர் எதிர் இது.