எங்க ராஜா பேரிக்காய்க்குள் இல்லை

1831 நவம்பர் 14. பாரீஸ் நீதிமன்றத்தில் ஒரு பேரிக்காய் கூண்டில் ஏறியது. ஏற்றியவர் சார்ல் பிலிப்போன். வயது 31, சொந்த ஊர் லியோன், தொழில் பத்திரிகை, உபதொழில் ராஜாவை வம்புக்கு இழுப்பது.

ராஜாவின் பெயர் லூயி பிலிப். ஆமாம், தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைக்கிறோமே, அந்தச் சட்டைக்குப் பெயர் கொடுத்த அதே மகாராஜாதான். பிலிப், பிலிப்போன் என்று பெயர்கள் குழப்பினால் ஒரு குறிப்பு: அரண்மனையில் இருந்தவர் பிலிப், ஜெயிலில் இருந்தவர் பிலிப்போன்.

லூயி பிலிப்பின் சிம்மாசனமே பத்திரிகைக்காரர்கள் போட்ட பிச்சை. 1830 ஜூலையில், அவருக்கு முன்னால் ஆண்ட பத்தாம் சார்ல் பத்திரிகைகளின் வாயைத் தைக்க ஓர் ஆணை போட்டார். பாரீஸ் மூன்று நாள் கொதித்தது. சார்ல் மூட்டை கட்டினார். காலி நாற்காலியில் அவருடைய உறவுக்காரரான லூயி பிலிப்பை உட்காரவைத்து, இனி ஒருபோதும் தணிக்கை திரும்பி வராது என்று புதுச் சாசனத்திலும் எழுதிக்கொண்டார்கள்.

புது ராஜாவும் பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். புரட்சிக் காலத்தில் அப்பாவின் தலை கில்லட்டினுக்குப் போக, மகன் பெயரை மாற்றிக்கொண்டு சுவிட்சர்லாந்தில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தவர். ராஜாவான பிறகும் கக்கத்தில் குடையோடு கடைவீதியில் நடப்பார், எதிரே வருகிறவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். 'குடிமக்களின் ராஜா' என்று பட்டம் வேறு. நம்மூரில் தேர்தலுக்கு முந்தின வாரம் டீக்கடையில் வடை சுடுகிறார்களே, அந்தக் கலையில் இவர் முன்னோடி.

ஒரே ஒரு குறை, முகம். நெற்றிக்கு மேலே முடியைக் கூராகத் தூக்கிச் சீவியிருப்பார். கீழே வர வர இரண்டு கன்னமும் அகன்று, கிருதா அடர்ந்து, தாடை தொங்கி, கழுத்து என்ற ஒன்று இருப்பதற்கான அடையாளமே தெரியாது. நம் கொடைக்கானல் நாட்டுப் பேரி கொஞ்சம் உருண்டை, அதை நினைக்காதீர்கள். ஐரோப்பியப் பேரிக்காய் மேலே ஒல்லி, கீழே குண்டு. அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1830 நவம்பர் 4-ஆம் தேதி பிலிப்போன் 'லா கரிகத்தூர்' என்ற கேலிச்சித்திர வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதே மாதக் கடைசியில், ராஜாவின் கண்ணியத்தைத் தாக்கி எழுதினால் சிறை என்று ஒரு சட்டம் வந்தது. சாசனம் எழுதி நாலு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு பிலிப்போன் ஒரு படம் போட்டார்: கொத்தனார் ஒருவர் சுவரில் எழுதியிருக்கும் ஜூலைப் புரட்சியின் தடயங்கள்மேல் கலவை பூசி மறைக்கிறார். கொத்தனாரின் முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வழக்குப் போட்டார்கள்.

பிலிப்போன் வைத்த வாதம் எளிமையானது. படத்தில் கிரீடம் இல்லை, செங்கோல் இல்லை, பெயர் இல்லை. முகம் ஒத்துப்போவது குற்றமா? அப்படியானால், கனம் நீதிபதிகளே, இதைப் பாருங்கள் என்று நாலு படத்தைக் காட்டினார். முதல் படம் அச்சு அசல் ராஜா. இரண்டாவதில் கன்னம் சற்றே ஊதியிருக்கிறது. அது முதல் படத்தைப் போல இருக்கிறது. மூன்றாவது, இரண்டாவதைப் போல இருக்கிறது. நாலாவது, மூன்றாவதைப் போல இருக்கிறது. ஆனால் நாலாவது ஒரு பேரிக்காய். காம்பு, இலை எல்லாம் உண்டு. முதல் படத்தைத் தண்டித்தால் இதையும் தண்டிக்க வேண்டும். அப்புறம் பிரான்ஸில் காய்க்கிற ஒவ்வொரு பேரிக்காய்க்கும் வாரண்ட் அனுப்ப வேண்டியதுதான்.

இந்த இடத்தில் அரசுத் தரப்பு மாட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. பேரிக்காய் ராஜா இல்லை என்றால் வழக்கு இல்லை. பேரிக்காய்தான் ராஜா என்றால், அதைச் சொன்னது பிலிப்போன் இல்லை, மாட்சிமை தங்கிய அரசாங்கம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்லவாவது நம்மூரில் ஒரு விவரமில்லாத பிள்ளை தேவைப்பட்டது. பாரீஸில் கறுப்பு அங்கி போட்ட, படித்த, சம்பளம் வாங்கும் வக்கீல்களே அந்த வேலையைச் செய்தார்கள்.

தீர்ப்பு: ஆறு மாதம் சிறை, 2,000 பிராங்க் அபராதம். பத்தே நாளில் அந்த நாலு படமும் பத்திரிகையில் வந்தன.

அதற்குப் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கலாம். இந்தப் பேரிக்காயை எதிலும் மறைக்க முடியவில்லை. பாரீஸின் சுவரெல்லாம் பேரிக்காய். படம் வரையத் தெரியாதவனும் வரையக்கூடிய படம் அது. ஒரு வளைவு, ஒரு காம்பு, முடிந்தது. பிலிப்போனின் மைத்துனர் ஒபேர் நடத்திய கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒவ்வொரு புதுப் படமும் தொங்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத சனம்கூட அங்கே நின்று அரசியல் படிக்கும்.

பிலிப்போனிடம் ஒரு பையன் வேலை பார்த்தான். ஓனோரே தோமியே என்று பெயர். பிற்பாடு பெரிய ஓவியர் என்று உலகம் கொண்டாடப்போகிற ஆள். அப்போது வயது 23. அவன் ராஜாவைப் பூதமாக வரைந்தான். நாற்காலியில் பூதம் உட்கார்ந்திருக்கிறது. அதன் வாய்க்கு ஒரு நீண்ட பலகை. ஏழைகள் கூடை கூடையாகக் காசைச் சுமந்துகொண்டு பலகைமேல் ஏறி வாயில் கொட்டுகிறார்கள். நாற்காலி எந்த மாதிரி நாற்காலி என்பது கீழே பார்த்தால் புரியும்: அந்தப் பக்கத்திலிருந்து பட்டங்களும் பதவி உத்தரவுகளும் விழுகின்றன, பொறுக்கக் கூட்டம் காத்திருக்கிறது. தோமியேவுக்கும் ஆறு மாதம், 500 பிராங்க். சாந்த் பெலாழி சிறையில் அரசியல் கைதிகள் அத்தனை பேர் இருந்தார்கள். நல்ல ஆசிரியர் குழுக் கூட்டம் ஒன்றை உள்ளேயே நடத்தலாம். பிலிப்போன் உள்ளே இருந்தபடியேதான் பத்திரிகையைக் கவனித்தார்.

1832-ல் இன்னொரு படம். பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய சதுக்கத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பலாம் என்று யோசனை. பீடத்தின் மேலே பிரம்மாண்டமான பேரிக்காய். அந்தத் தலையை வெட்ட வாக்களித்தவர்களில் நம் ராஜாவின் அப்பாவும் ஒருவர் என்பதால், அரண்மனையில் இதை யாரும் ரசிக்கவில்லை. கொலைக்குத் தூண்டுகிறார் என்று குற்றச்சாட்டு வந்தது. பேரிக்காயை வைத்து அதிகபட்சம் ஜாம் காய்ச்சத்தான் தூண்ட முடியும் என்றார் பிலிப்போன்.

அந்த ஆண்டு டிசம்பரில் 'லெ ஷாரிவாரி' என்று தினசரி ஒன்றையும் தொடங்கிவிட்டார். ஷாரிவாரி என்றால், ஊருக்குப் பிடிக்காதவன் வீட்டு வாசலில் ராத்திரி கூடிச் சட்டி பானையைத் தட்டுவது. தினம் ஒரு படம், தினம் ஒரு தட்டு. 1834-ல் அதற்கு 6,000 பிராங்க் அபராதம் விழுந்தது. பிலிப்போன் பழைய நாலு பேரிக்காயையும் மறுபடி அச்சடித்தார், அந்த அபராதத்தைக் கட்டுவதற்கென்றே. தண்டிக்கப்பட்ட பத்திரிகை தீர்ப்பைத் தன் பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்பது விதி. சட்டத்தை மதிக்கும் குடிமகனாகப் பிலிப்போன் தீர்ப்பு முழுவதையும் வெளியிட்டார். வரிகளை மேலே குறுக்கி, கீழே அகட்டி, பேரிக்காய் வடிவத்தில் அச்சுக்கோத்திருந்தார்.

விக்தர் ஹ்யூகோ தன் நாவல் ஒன்றில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு கோடைச் சாயங்காலம் ராஜா நடந்து வீடு திரும்பும்போது, அரண்மனை வாசல் தூணில் ஒரு பொடியன் எக்கி எக்கிப் பெரிய பேரிக்காய் வரைந்துகொண்டிருக்கிறான். ராஜா தானே கைகொடுத்துப் படத்தை முடித்து, பையன் கையில் ஒரு தங்கக் காசும் வைத்து, இதிலும் ஒரு பேரிக்காய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம். உண்மையோ, நாவலாசிரியர் சரக்கோ, அந்த மனிதர் இதைச் செய்யக்கூடியவர் என்று அன்றைக்கு நம்பியிருக்கிறார்கள். அந்தத் தங்கக் காசை 1831-லேயே பிலிப்போனிடம் கொடுத்திருந்தால் பேரிக்காய் அந்த வாரத்தோடு அழுகியிருக்கும். வக்கீலிடம் கொடுத்தார், விதை முளைத்துவிட்டது.

1835 ஜூலை 28-ல் சிரிப்பு நின்றது. ஃபியெஸ்கி என்பவன் 25 துப்பாக்கிக் குழாய்களை ஒன்றாகக் கட்டி, ஊர்வலத்தில் போன ராஜாவைக் குறிவைத்துச் சுட்டான். 18 பேர் செத்தார்கள். ராஜாவுக்கு நெற்றியில் ஒரு கீறல். சுட்டவனுக்கும் பேரிக்காய் வரைந்தவனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அரசாங்கங்களுக்கு இந்த மாதிரிச் சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்காது. செப்டம்பரில் புதுச் சட்டம்: இனி எந்தப் படமும் முன் அனுமதி இல்லாமல் வரக்கூடாது. தணிக்கை ஒருபோதும் வராது என்ற சாசனம் என்ன ஆயிற்று? சாசனம் கருத்துக்குத்தான் பாதுகாப்பு தருகிறது, படம் என்பது கருத்து அல்ல, செயல் என்று விளக்கம் சொன்னார் சட்ட அமைச்சர். அவர் பெயர் பெர்சீல். பிரெஞ்சில் அதற்குப் பொருள், கொத்தமல்லி மாதிரி சமையலுக்குத் தூவுகிற ஒரு தழை. நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. பேரிக்காயும் தழையும் சேர்ந்து ஆட்சி நடத்தின.

'லா கரிகத்தூர்' மூடப்பட்டது. கடைசி இதழில் அந்தச் சட்டத்தின் வாசகமே பேரிக்காய் வடிவில் வந்தது.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள். பேரிக்காய் முற்ற இன்னும் 13 வருடம் எடுத்தது. 1848 பிப்ரவரியில் பாரீஸ் மறுபடி கொதிக்க, லூயி பிலிப் முடியைத் துறந்து ஓடினார். அடையாளம் தெரியாமல் இருக்க, பேரிக்காயின் கீழ்ப்பாதியான அந்தக் கிருதாவை மழித்துக்கொண்டார். 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயரில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்தில் இறங்கினார். அங்கே அப்போது 'பஞ்ச்' என்று ஒரு கேலிச்சித்திரப் பத்திரிகை சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதன் துணைத்தலைப்பு: 'லண்டன் ஷாரிவாரி'.

அடுத்த முறை பேரிக்காய் வாங்கும்போது பேனாவால் இரண்டு கண், ஒரு மூக்கு போட்டுப் பாருங்கள். யார் முகம் வந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, தடயம் இல்லாமல் தின்றுவிடுங்கள்.